ஒரே புழு, மூன்று நோயாளிகள்

யானைக்கால் நோய் வேரூன்றியிருந்த ஊர்களில் ஒரே தெருவில் மூன்று வகை மனிதர்களைக் காண முடிந்தது. முதலாமவருக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியாது. வேலைக்குப் போவார், வயிறாரச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். இரவில் அவர் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தில் மட்டும் நுண்புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். இரண்டாமவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் வீங்கித் தோல் தடித்துப்போயிருக்கும். ஆனால் அவருடைய இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தாலும் பெரும்பாலும் ஒரு நுண்புழுகூட அகப்படாது. மூன்றாமவருக்குக் காலில் வீக்கமும் இல்லை, இரத்தத்தில் நுண்புழுவும் இல்லை. நள்ளிரவானால் மூச்சு இளைத்து, விடியும்வரை இருமி, காசநோயோ ஆஸ்துமாவோ என்று பயந்துபோய் மருத்துவரிடம் வருவார். மூவருக்கும் தொற்றைக் கொண்டுவந்தது சாக்கடை நீரில் பெருகும் அதே க்யூலெக்ஸ் கொசு. மூவர் உடலிலும் நுழைந்தது வுச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற அதே புழு. அந்தப் புழுவுக்கு அவரவர் நோயெதிர்ப்பு மண்டலம் என்ன பதில் சொன்னது என்பதில்தான் மூவரும் வேறுபட்டுப்போனார்கள்.

இரத்தத் தடவல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பிழைப்பவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. புழுத் தொற்று என்றால் புழு என்ன செய்கிறது என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது, யானைக்கால் புழு, திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநாளத்தை அடைக்கிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்ததற்கு மேல் போவதில்லை. கொக்கிப்புழு உண்டாக்கும் இரத்தசோகை போன்ற சில விலக்குகளை ஒதுக்கிவிட்டால், நாம் நோய் என்று அழைப்பதில் பெரும்பகுதி புழு செய்ததல்ல, புழுவை முன்னிட்டு நம் உடல் செய்தது என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளணுவின் குறுக்களவு ஏறத்தாழ 10 முதல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாக்டீரியா ஓரிரு மைக்ரான் அளவே உள்ளதால் வெள்ளணு அதை விழுங்கிச் செரித்துவிடுகிறது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துகொண்டால் அந்தச் செல்லையே அழித்துவிட வழியிருக்கிறது. வுச்செரேரியாவின் பெண்புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ளது. நாக்குப்பூச்சி என்று வீடுகளில் சொல்லப்படும் உருண்டைப்புழு 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். விழுங்கவும் முடியாத, செல்லோடு சேர்த்து அழிக்கவும் முடியாத விருந்தாளி இது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பாக்டீரியா சில மணி நேரத்தில் லட்சமாகப் பெருகும். பெரும்பாலான புழுக்களோ நம் உடலுக்குள் முட்டையோ குஞ்சோ இடுமேயன்றி, வளர்ந்த புழுக்களின் எண்ணிக்கை உள்ளேயே பெருகுவதில்லை. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு இளம்புழுவும் வளர்ந்தால் ஒரு புழு, அவ்வளவுதான். ஆகவே உடலுக்கு அவசரமும் குறைவு. எப்படியாவது கொன்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், வெளியே தள்ளுவது, சுற்றி வளைப்பது, கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டு பொறுத்துப்போவது ஆகிய வழிகளையும் அது கற்றுவைத்திருக்கிறது.

குடலில் இந்தப் பதில் எங்கிருந்து தொடங்குகிறது என்பது 2016 வரை சரியாக விளங்காமலேயே இருந்தது. குடலின் உட்சுவரில் டஃப்ட் செல்கள் என்று ஒரு வகை அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. குடுமி முடிந்ததைப்போல அவற்றின் உச்சியில் நுண்ணிழைகள் கற்றையாக நிற்கும். அவற்றுக்கு என்ன வேலை என்று பல பத்தாண்டுகளாக எவருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டில் மூன்று ஆய்வுக்குழுக்கள் எலிகளை வைத்துத் தனித்தனியே செய்த சோதனைகள் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன: புழு வந்திருப்பதை உணர்ந்து இன்டர்லியூக்கின்-25 என்ற சைகைப் புரதத்தை வெளியிடுபவை இந்தச் செல்களே. நாக்கில் சுவையை உணர்வதற்கு உதவும் புரதங்களில் சில இவற்றிலும் இருக்கின்றன என்பதை முதன்முதலில் படித்தபோது, குடல் புழுவைச் ‘சுவைத்து’ அறிகிறதா என்று வியந்துபோனேன். அப்படிச் சொல்வதில் பெரிய மிகையும் இல்லை.

அந்தச் சைகை கிடைத்ததும் அருகிலிருக்கும் இரண்டாம் வகை உள்ளார்ந்த நிணச்செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் இன்டர்லியூக்கின்-13 என்ற மற்றொரு சைகைப் புரதத்தைச் சுரக்கின்றன. 2010-ஐ ஒட்டித்தான் இந்த நிணச்செல்களே அடையாளம் காணப்பட்டன. இன்டர்லியூக்கின்-13 குடலின் குருத்துச் செல்களைத் தூண்டுவதால் டஃப்ட் செல்களும் சளி சுரக்கும் செல்களும் சில நாள்களுக்குள் பன்மடங்காகின்றன. கூடுதலான டஃப்ட் செல்கள் இன்னும் அதிகச் சைகை அனுப்ப, வட்டம் இறுகிக்கொண்டே போகிறது. சளி பெருகுகிறது, குடலின் தசை வலுவாகச் சுருங்குகிறது, குடலுக்குள் நீர் சுரக்கிறது, உட்சுவர்ச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் புதுப்பிக்கப்பட்டுப் பழையவை உதிர்கின்றன. சுவரைப் பற்றிக்கொண்டிருந்த புழுவுக்குப் பிடிமானம் போய், மலத்தோடு வெளியேற வேண்டியதாகிறது. இவ்வளவு ஏற்பாட்டிலும் புழுவை யாரும் நேரடியாகக் கொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குள் டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் களத்தில் இறங்கியிருக்கும். உதவி டி செல்களில் இரண்டு வகை உண்டு என்று மோஸ்மன், காஃப்மன் ஆகியோரின் குழு 1986-இல் எலிகளில் காட்டியது. புழுவுக்கு எதிராக எழுவது இரண்டாம் வகை. அவை சுரக்கும் இன்டர்லியூக்கின்-4, பி செல்களை ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் திருப்புகிறது. இன்டர்லியூக்கின்-5, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோபில்கள் என்ற வெள்ளணுக்களைக் கூட்டங்கூட்டமாக வெளியே வரச் செய்கிறது. குடலுக்கு வெளியே, திசுக்களுக்குள் அலையும் இளம்புழுக்களைச் சந்திப்பது இவ்விரண்டின் பொறுப்பு. உருண்டைப்புழுவின் குஞ்சு, முட்டையிலிருந்து குடலில் வெளிவந்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மீண்டும் குடலுக்கே திரும்பி வளர்கிறது. ஏன் இந்தச் சுற்று என்று கேட்டால் பரிணாமத்தைத்தான் கேட்க வேண்டும். அது போகும் வழியெல்லாம் திசு கிழிகிறது. கிழிந்ததை அடைத்து இரத்தக்கசிவை நிறுத்தும் பழுதுபார்ப்பு வேலையை நடத்துவதும் இதே இரண்டாம் வகைப் பதில்தான்.

ஈசினோபிலை இரத்தத் தடவலில் தேட வேண்டியதேயில்லை. அதுவே கண்ணில் படும். நீலமும் ஊதாவுமாகத் தெரியும் மற்ற வெள்ளணுக்களுக்கு நடுவே, இரண்டு மடலாகப் பிரிந்த உட்கருவைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் பெரிய மணிகள் நெருக்கமாக அடைந்திருக்கும். ஈயோசின் சாயத்தை அவை ஆவலோடு ஏற்றுக்கொள்வதைக் கண்டு 1879-இல் பால் எர்லிக் அவற்றைத் தனி வகையாகப் பிரித்தார். அந்த மணிகளில் இருப்பவை நச்சுப் புரதங்கள். எதிர்ப்பொருள் பூசிய இளம்புழுவைக் கண்ணாடித் தட்டில் வைத்தால் ஈசினோபில்கள் அதன் மேல் அப்பிக்கொண்டு மணிகளைக் கொட்டுவதையும், புழுவின் தோல் சிதைவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். பாடநூல்கள் இந்தக் காட்சியோடு நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடலுக்குள் நடப்பது இவ்வளவு நேர்த்தியானதல்ல. தசையில் தங்கும் டிரிக்கினெல்லா புழுவை ஈசினோபில்களே இல்லாத எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, புழு செழிக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாகத் தசையிலிருந்த குஞ்சுகள் பெருமளவில் செத்துப்போயின. அதாவது அங்கே ஈசினோபில்கள் புழுவுக்குக் காவலாகவும் இருந்திருக்கின்றன.

இந்த அடிப்படையோடு நம் மூன்று பேரிடம் திரும்பி வரலாம்.

கொசு கடித்த துளை வழியே நுழையும் இளம்புழுக்கள் நிணநாளங்களை அடைந்து, பல மாதங்கள் வளர்ந்து, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, மைக்ரோஃபைலேரியா எனப்படும் நுண்புழுக்களைப் பெற்றெடுத்து இரத்தத்துக்கு அனுப்பத் தொடங்குகின்றன. வளர்ந்த புழு ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கியிருந்து, கொசு கடிக்கும் நேரமான இரவில் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டரை மணிக்கு மேல் வீடு வீடாகப் போய்த் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களை எழுப்பி விரலைக் குத்தினார்கள். சாயமிடாத ஈரத் துளியில் நுண்புழுவைப் பார்த்தால், அது இருக்கும் இடத்தை முதலில் காட்டிக்கொடுப்பவை சிவப்பணுக்களே. ஓரிடத்தில் மட்டும் அவை தள்ளுண்டு சிதறிக்கொண்டிருக்கும், உற்று நோக்கினால் நடுவே ஒளி ஊடுருவும் உடலொன்று சாட்டையடி அடித்துக்கொண்டிருக்கும். சாயமிட்டுப் பார்த்தால் உடலைவிட நீளமான உறை இருபுறமும் துருத்தி நிற்பதும், உட்கருக்களின் வரிசை வால் நுனிக்கு முன்பே நின்றுவிடுவதும் தெரியும். வேறு வகைப் புழுக்களிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த வெறுமையான வால் நுனிதான் எங்களுக்கு அடையாளம்.

முதலாமவரின் இரத்தத்தில் இவை ஆண்டுக்கணக்கில் சுற்றிவந்தும் அவருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. அவருடைய எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. அவருடைய டி செல்களை எடுத்துப் பிற கிருமிகளின் புரதங்களைக் காட்டினால் அவை பெரும்பாலும் ஒழுங்காகவே பதில் தருகின்றன. யானைக்கால் புழுவின் புரதத்தைக் காட்டினால் மட்டும் அடங்கிப்போகின்றன. அடக்கிவைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்களும், இன்டர்லியூக்கின்-10 என்ற அமைதிப்படுத்தும் புரதமும். அவரிடம் புழுவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ இருக்கிறது, ஆனால் அதே புழுப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஐ.ஜி.ஜி-4 என்ற வேறொரு எதிர்ப்பொருள் மிக அதிக அளவில் இருந்து, ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களைத் தூண்டாமலே இடத்தைப் பிடித்துக்கொண்டு ஐ.ஜி.ஈ-யை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இந்த அமைதிக்குப் புழுக்களும் தம் பங்குக்கு உழைக்கின்றன. எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டீஸ் என்ற புழு, நம் உடலே எதிர்ப்பைத் தணிக்கப் பயன்படுத்தும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தின் வேலையை அப்படியே செய்யும் போலிப் புரதத்தைச் சுரக்கிறது என்று 2017-இல் கண்டறியப்பட்டது. போலிப் புரதத்துக்கும் உண்மைப் புரதத்துக்கும் உருவத்தில் ஒற்றுமை கிடையாது. பூட்டு மட்டும் ஒன்றுபோலவே திறக்கிறது.

இரண்டாமவரிடம் இந்த உடன்படிக்கை முறிந்துவிட்டது. உயிரோடிருக்கும் புழுவும் நிணநாளத்தை விரித்துக் கெடுக்கத்தான் செய்கிறது, ஆனால் ஆரவாரமில்லாமல். புழு சாகும்போதோ, உடல் அதைப் பொறுக்க மறுக்கும்போதோதான் அழற்சி மூள்கிறது. புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருப்பதால், செத்த புழு அவற்றையும் நிணநாளத்தில் கொட்டிவிட, எரிகிற தீயில் எண்ணெய் விழுகிறது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வில், கால் வீங்கியவர்களின் டி செல்கள் புழுப்புரதத்தைக் கண்டதும் முதல் வகை, பிற்பாடு பிரித்தறியப்பட்ட பதினேழாம் வகை ஆகிய கடுமையான அழற்சிப் பதில்களைத் தருவதும், அடக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் பதில் அவர்களிடம் குன்றியிருப்பதும் தெரியவந்தது. அவர் புழுவைப் பெரும்பாலும் வென்றுவிட்டார்; அந்த வெற்றிக்குத் தன் காலை விலையாகக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலும் நெறிகட்டுதலும் பெரும்பாலும் புழுவின் வேலையே அல்ல. நிணநீர் தேங்கிய காலில், விரலிடுக்கு வெடிப்பு வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் புகுந்து உண்டாக்கும் தொற்று அது. ஒவ்வொரு முறையும் வீக்கம் ஒருபடி கூடும். தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தச் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல. அந்தக் கட்டத்தில் அதைவிட நல்ல மருந்து அதிகமில்லை.

மூன்றாமவர் நம் பக்கத்துக்கே உரியவர் என்று சொல்லலாம். 1940-இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமட்-மோலரும் பார்ட்டனும், காசநோயைப் போலவே தோன்றி, ஆனால் ஈசினோபில்கள் மிகுந்து காணப்படும் ஒரு நிலையை விவரித்தார்கள். 1943-இல் வெயின்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈசினோபீலியா என்று பெயர் கொடுத்தார். இவர்களின் உடல் நுண்புழுக்களைத் துளியும் பொறுப்பதில்லை. இரத்தத்துக்கு வரும் நுண்புழுக்களை எதிர்ப்பொருள்கள் உடனுக்குடன் பற்றி நுரையீரலிலேயே மடக்கி அழித்துவிடுகின்றன; அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படுவதில்லை. அழிக்கும் வேலைக்கு வந்து குவியும் ஈசினோபில்கள் நுரையீரலையும் சேர்த்தே புண்ணாக்குகின்றன. இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-ஐத் தாண்டக் கூடாத ஈசினோபில் எண்ணிக்கை இவர்களுக்கு 3,000-க்கு மேல் இருக்கும்; ஐ.ஜி.ஈ-யும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். டி.ஈ.சி என்ற யானைக்கால் நோய் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இருமல் வியக்கத்தக்க விதத்தில் அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நார்த்திசு படிந்து, மீளாத மூச்சுத்திணறலில் முடியும்.

இந்த வெற்றிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ‘எனக்கு ஈசினோபீலியா இருக்கிறது’ என்று சொல்லாத குடும்பம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அரிது. தும்மல், மூக்கொழுகல், வறட்டு இருமல் எதுவானாலும் அந்தப் பெயரும், அதற்கு டி.ஈ.சி மாத்திரையும் வழங்கின. 600, 700 என்ற அளவில் ஈசினோபில் ஏறியிருப்பது இன்று பெரும்பாலும் தூசி ஒவ்வாமையாலோ ஆஸ்துமாவாலோதான். புழுவுக்கென்று ஏற்பட்ட எதிர்ப்பு, புழு இல்லாத இடத்தில் வீட்டுத் தூசியின் மேல் பாய்கிறது. எண்ணிக்கையைச் சொல்லாமல் ‘ஈசினோபில் கூட’ என்று மட்டும் எழுதித் தரும் அறிக்கைகளைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

டி.ஈ.சி-யின் கதையும் எதிர்ப்பாற்றலின் கதைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது அங்கே உருவான இந்த மருந்து 1947-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. கண்ணாடிக் குழாயில் நுண்புழுக்களோடு இதைச் சேர்த்தால் அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. உடலுக்குள் கொடுத்தாலோ சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. உடலின் எதிர்ப்புச் செல்கள் உடனிருந்தால்தான் மருந்து முழு வலுவோடு வேலை செய்கிறது என்பதே இதன் விளக்கம். விளைவு, இரத்தத்தில் நுண்புழு எவ்வளவு அதிகமோ மாத்திரைக்குப் பின் வரும் காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் அவ்வளவு அதிகம். 2004 முதல் நாடு தழுவிய அளவில் ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்தபோது, ‘நன்றாக இருந்தவனைப் படுக்கவைத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு எழக் காரணம் இதுதான். நன்றாக இருந்த அந்த முதலாமவர்தான் ஊருக்கே தொற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும், அவருக்கு வந்த காய்ச்சல் புழு செத்ததன் அறிகுறி என்பதையும் விளக்கிச் சொல்ல மாத்திரை கொடுக்க வந்தவருக்கு நேரம் இருந்திருக்காது.

புழு தரும் அமைதியால் நன்மையும் உண்டா என்ற கேள்வி இப்போது பரபரப்பாகப் பேசப்படுகிறது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் சிஸ்டோசோமா புழு இருந்த பள்ளிக் குழந்தைகளுக்கு வீட்டுத் தூசிப்பூச்சிக்கான தோல் ஒவ்வாமை குறைவாக இருந்ததென 2000-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்பட்டதென 2010-இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய கணக்கெடுப்புகள் தீர்மானிக்க மாட்டா. பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குடிக்கக் கொடுத்துக் குடல் அழற்சியைக் குணப்படுத்தும் முயற்சி, தொடக்கத்தில் நம்பிக்கை தந்தாலும், பெரிய அளவில் சோதித்தபோது கைகொடுக்கவில்லை. புழுவை விலைக்கு வாங்கி விழுங்குபவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இரவில் மூச்சுக்குத் திணறும் அந்த மூன்றாமவரை அவர்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். புழுவைத் தவிர்த்து அதன் புரதத்தை மட்டும் மருந்தாக்கும் வழியே எனக்கு அறிவுடையதாகப் படுகிறது.

தடுப்பூசி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் விடை இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. கொக்கிப்புழுவின் இளம்பருவப் புரதம் ஒன்றைக் கொண்டு செய்த தடுப்பூசி, புழுவே அறியாத அமெரிக்கத் தன்னார்வலர்களிடம் தொல்லையின்றி ஏறியது. கொக்கிப்புழு பரவலாக உள்ள பிரேசில் பகுதியில் கொடுத்தபோது சிலருக்கு உடல் முழுவதும் தடிப்புத் தடிப்பாகக் காணாக்கடி எழும்பி, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. முன்பே புழுவைச் சந்தித்திருந்த அவர்களுடைய உடலில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதன் பிறகு அந்த ஆய்வாளர்கள், வளர்ந்த புழு தன் குடலுக்குள் இரத்தத்தைச் செரிக்கப் பயன்படுத்தும் புரதங்களின் பக்கம் திரும்பினார்கள். புழு இருக்கும் ஊர்களில் வாழ்பவர்களின் இரத்தத்தில் அவற்றுக்கு ஐ.ஜி.ஈ இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறார்கள்.